ஆடிக் காற்று எங்கிருந்து வருகிறது?

ஆனி பிறந்ததும் கோவை, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வட்டாரங்களில் வேப்பமரங்கள் கிழக்கே சாய்ந்து ஆடத் தொடங்கிவிடும். தென்னை மட்டைகள் ஒரே பக்கமாக வாரிவிட்ட தலைமயிர் போல நிற்கும். "மேல்காத்து எறங்கிருச்சுங்க, இனி ஆவணி வரைக்கும் இப்படித்தான்" என்பார்கள் பெரியவர்கள். ஆடியில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி தமிழ்நாடு முழுவதும் உண்டு. அதை மிகையில்லாமல் சொல்லும் உரிமை கொங்கு நாட்டு விவசாயிக்குத்தான் அதிகம்.

இந்தக் காற்று வாழைக்காரருக்குப் பகை. களத்தில் தானியம் தூற்றுகிறவருக்கு நட்பு. தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறவரின் கிணற்றிலிருந்து அது ஒரு பங்கை யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டு போகிறது. இத்தனை வேலை செய்கிற காற்றைப் பற்றி ஏழாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தப் பாடம் தோட்டத்துக்கும் பயன்படும்.

காற்றுக்கு எடை உண்டு

கண்ணுக்குத் தெரியாததால் காற்றுக்கு எடை இல்லை என்று தோன்றும். ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோ எடையுள்ளது. பத்தடிக்குப் பத்தடியாக, பத்தடி உயரம் உள்ள அறையில் இருக்கும் காற்று 30 கிலோவுக்கு மேல், அதாவது அரை மூட்டை உரத்துக்கும் மேல். இதில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன், 21 பங்கு ஆக்சிஜன். மீதியில் பெரும்பங்கு ஆர்கான் என்ற வாயு. பயிர் தன் உடம்பைக் கட்டிக்கொள்ள எடுக்கும் கரியமில வாயு ஆயிரத்தில் அரைப் பங்குகூட இல்லை. இவை போக நீராவி உண்டு. இடத்துக்கும் காலத்துக்கும் தக்கபடி அது கூடும், குறையும்.

தலைக்கு மேல் நிற்கும் இந்தக் காற்றின் மொத்த எடைதான் காற்றழுத்தம். கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் சுமார் ஒரு கிலோ எடை அழுத்துகிறது. கொங்கு விவசாயி இந்தக் கணக்கைப் படிக்காமலே அறிந்தவர். கிணற்று மேட்டில் மோட்டாரை வைத்தால் ஆழத்துத் தண்ணீர் ஏறாது என்பதால்தான் கிணற்றுக்குள் பாதியில் திட்டு கட்டி, மோட்டாரை அங்கே இறக்கி வைக்கும் வழக்கம் வந்தது. மோட்டார் தண்ணீரைக் கயிறு கட்டி இழுப்பதில்லை. குழாய்க்குள் இருக்கும் காற்றை அது வெளியேற்றுகிறது. கிணற்று நீரின் மேல் அழுத்திக் கொண்டிருக்கும் வெளிக்காற்றுதான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றுகிறது. வெளிக்காற்றின் பலம் எவ்வளவோ அவ்வளவு உயரம்தான் ஏறும். இத்தாலி நாட்டு டோரிசெல்லி 1643 இல் பாதரசத்தை வைத்து இதை நிரூபித்தார். கடல் மட்டத்தில் அந்த எல்லை சுமார் 34 அடி. கடல் மட்டத்திலிருந்து 410 மீட்டர் உயரத்தில் உள்ள கோவையில் தலைக்கு மேல் காற்று கொஞ்சம் குறைவு. ஆகவே எல்லை 32 அடி. ஊட்டியில் 26 அடிதான். குழாய் உராய்வும் வாஷர் கசிவும் சேர்ந்து நடைமுறையில் 20, 22 அடிக்கு மேல் எந்த மோட்டாரையும் நம்ப முடியாது. உறிஞ்சு குழாயை அதற்கு மேல் நீட்டிவிட்டு மோட்டார் கம்பெனியைத் திட்டுகிறவர்கள் இன்றும் உண்டு.

காற்று கீழிருந்து சூடாகிறது

வெயில் மேலிருந்து வருகிறது. ஆனால் காற்று மேலிருந்து சூடாவதில்லை. சூரியக் கதிர் காற்றைப் பெரும்பாலும் ஊடுருவிக்கொண்டு வந்து மண்ணில் விழுகிறது. மண் சூடாகிறது. மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. சூடான காற்று விரிந்து, எடை குறைந்து, மேலே எழுகிறது. அந்த இடத்துக்குப் பக்கத்துக் குளிர்ந்த காற்று ஓடி வருகிறது. அடுப்பில் வைத்த உலை நீர் அடியில் சூடாகி மேலே புரள்வது போலத்தான் இதுவும். வானொலியில் அடிக்கடி கேட்கும் "வெப்பச்சலனம்" என்ற சொல்லுக்குப் பொருள் இதுவே.

சூடு போகும் வழி மூன்று. மூன்றையும் பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணை ஒன்றில் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். தகரக் கூரையின் மேல்பக்கம் வாங்கிய சூடு தகரத்தின் ஊடே அடிப்பக்கத்துக்கு வருவது கடத்தல். அந்தச் சூடான தகரம் கீழே நிற்கும் கோழியின் மேல் தொடாமலே வீசும் வெக்கை கதிர்வீச்சு. கோழிகளின் உடம்புச் சூட்டை வாங்கிய காற்று மேலே எழுந்து முகட்டுத் திறப்பு வழியாக வெளியேறுவது சலனம். கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தால் வெயில் திரும்பிப் போகும். தென்னங்கீற்று வேய்ந்தால் கடத்தல் குறையும். கொட்டகையைக் கிழக்கு மேற்காக நீளவாக்கில் கட்டினால் காலை வெயிலும் மாலை வெயிலும் பக்கவாட்டில் நுழையாது. பக்கங்களில் சுவர் எழுப்பாமல் கம்பிவலை மட்டும் கட்டுவது காற்றோட்டத்துக்காக. சித்திரையில் கோழி சாகிறதே என்று மின்விசிறி வாங்குவதற்கு முன் கூரையைப் பார்ப்பது செலவு குறைந்த வழி.

உயரப் போகப் போகக் காற்று குளிர்ந்துவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை பாகை குறையும். கோவைக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,830 மீட்டர். கணக்குப் போட்டால் 12 பாகை வரும். கோவையில் ஸ்வெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, குன்னூரில் போட்டுக்கொள்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு உடம்பிலேயே தெரியும். சூரியனுக்கு அருகே போகிறோமே, ஏன் குளிர்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் பதில் இதுதான்: அடுப்பு கீழே இருக்கிறது. அதோடு மேலேறும் காற்று அழுத்தம் குறைந்து விரிகிறது. விரியும் காற்று குளிரும். சைக்கிள் டியூபைத் திறந்துவிடும்போது வால்வில் விரல் வைத்தால் அந்தக் குளிர்ச்சி தெரியும். பம்பு அடிக்கும்போது குழல் சூடாவது இதற்கு நேர் எதிர்.

அரபிக் கடலும் கரிசல் மண்ணும்

நீரை விட மண் விரைவாகச் சூடாகும், விரைவாகக் குளிரும். ஒரு கிலோ தண்ணீரை ஒரு பாகை சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் ஒரு கிலோ காய்ந்த மண்ணைச் சூடாக்கிவிடலாம். ஆகவே பகலில் கரை சூடாகிக் காற்று மேலே எழ, கடலிலிருந்து குளிர்ந்த காற்று கரைக்கு வருகிறது. இரவில் கரை முந்திக் குளிர, காற்று கடலுக்குத் திரும்புகிறது.

இதே கணக்கை ஒரு வருடத்துக்கு நீட்டினால் பருவக்காற்று. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் வெயில் இந்தியத் தரையைக் காய்ச்சுகிறது. தரைக்கு மேல் காற்று எழுந்து அழுத்தம் குறைகிறது. தெற்கே இந்துமாக் கடலில் அழுத்தம் அதிகம். அங்கிருந்து காற்று வடக்கே கிளம்புகிறது. பூமத்திய ரேகையைத் தாண்டியதும் பூமி சுழல்வதால் அது வலப்புறம் திரும்பித் தென்மேற்குக் காற்றாக அரபிக் கடலைக் கடந்து வருகிறது. காற்றுக்குக் காரணம் சூரிய வெப்பம்தான் என்று இங்கிலாந்து வானியலார் ஹாலி 1686 இலேயே எழுதி, காற்றுகளின் போக்கைப் படமாகவும் வெளியிட்டார். பூமியின் சுழற்சியைச் சரியாகச் சேர்த்துச் சொன்னவர்கள் பின்னால் வந்தார்கள். கேரளத்தில் இந்தக் காற்று கால் வைக்கும் வழக்கமான நாள் ஜூன் 1.

கால் வைத்த இடத்தில் குறுக்கே நிற்கிறது மேற்குத் தொடர்ச்சி மலை. ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் நீளச் சுவர் அது. ஈரக்காற்று மோதி மேலேறுகிறது, குளிர்கிறது, சுமந்து வந்த நீரை மலையின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. வால்பாறை மேலே சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றாக இருப்பதற்கு இதுவே காரணம். மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்று மீண்டும் அமுங்கிச் சூடாகிறது. இறங்கும் காற்றில் மேகம் கரையும். கோவைக்கு ஆண்டு முழுவதும் பெய்வதே 600, 700 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் வருவது. மேகம் தலைக்கு மேல் ஓடிக்கொண்டே இருக்க, நிலம் காய்ந்து கிடக்கும் ஆடி மாதத்தின் புதிர் இவ்வளவுதான்.

மலை பறித்துக்கொண்ட அந்த நீரைக் கொஞ்சமாவது திரும்பப் பெறும் வழிதான் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். மலையில் ஆறு ஆறுகள், சமவெளியில் இரண்டு, ஆக எட்டு ஆறுகளை இணைத்து, மேற்கே அரபிக் கடலுக்குப் போகும் நீரில் ஒரு பகுதியைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பிய திட்டம் அது. கேரளத்துடனான ஒப்பந்தம் 1970 இல் கையெழுத்தாகி, 1958 முதல் செல்லும் என ஏற்கப்பட்டது. காற்று மலை தாண்டிக் கொண்டுவராததைக் கால்வாய் கொண்டுவருகிறது. மடை திறக்கும் முறைக்காகக் காத்திருக்கும் உடுமலை, பல்லடம், காங்கயம் பக்கத்து விவசாயிக்கு இந்தப் பாடத்தின் அருமை தனியே சொல்ல வேண்டியதில்லை.

மலைச் சுவரில் ஒரு மடை

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுவரில் பெரிய உடைப்பு ஒன்று உண்டு. அதுவே பாலக்காட்டுக் கணவாய். அகலம் சுமார் 30 கிலோமீட்டர். இரு பக்கமும் 2,000 மீட்டருக்கு மேல் மலை எழுந்து நிற்க, கணவாயின் தரை 300 மீட்டருக்கும் குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலையில் இதைவிடப் பெரிய இடைவெளி வேறில்லை. ரயிலும் நெடுஞ்சாலையும் மலை ஏறாமல் கேரளம் போவது இந்த வழியாக. கோவைக்கு அருகே வெள்ளலூரில் ரோமானிய நாணயங்கள் கிடைத்ததும் பழைய வணிகர்கள் இந்த வழியைப் பயன்படுத்தியதால்தான்.

வாய்க்காலில் நீர் மெதுவாகப் போகும். அதே நீர் குறுகிய மடையில் நுழையும்போது சீறிக்கொண்டு பாயும். மலையைத் தாண்ட முடியாத காற்றெல்லாம் இந்த மடை தேடி வந்து நெருக்கியடித்து நுழைகிறது. கணவாய்க்குக் கிழக்கே நேர் எதிரில் இருப்பவை கிணத்துக்கடவு, சுல்தான்பேட்டை, பல்லடம், பொங்கலூர், குடிமங்கலம், தாராபுரம். ஆடிக் காற்று இந்த ஊர்களில் அதிகமாக இருப்பதும், மேட்டுப்பாளையத்தில் மலை மறைவால் குறைவாக இருப்பதும் நிலப்படத்தைப் பார்த்தாலே விளங்கும். கணவாய்க்கு அருகே இருக்கிற பொள்ளாச்சி, ஆனைமலைக்குச் சாரலும் சேர்ந்து கிடைக்கிறது. கிழக்கே போகப் போகச் சாரல் தீர்ந்து, காற்று மட்டும் மிஞ்சும்.

ஒரு நாளுக்குள்ளேயே இந்தக் காற்றுக்கு ஏற்ற இறக்கம் உண்டு. விடியலில் அடங்கியிருக்கும். பத்து மணிக்கு மேல் தரை சூடாகி, மேலும் கீழுமாகக் காற்று கலக்கத் தொடங்கும். உயரத்தில் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் காற்று அப்போது கீழே இழுத்து வரப்படும். பிற்பகலில் வேகம் மிகும். பொழுது சாய்ந்தபின் தணியும். பூச்சிமருந்து தெளிப்பதாக இருந்தால் இந்த மாதங்களில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். காற்றுக்கு முதுகு காட்டி நின்று தெளிக்க வேண்டும். பிற்பகலில் தெளித்த மருந்து பக்கத்துத் தோட்டத்து மாட்டுத் தீவனத்தில் போய் விழும், அல்லது தெளித்தவர் முகத்தில்.

இரண்டு காற்று, இரண்டு வைத்தியம்

வாழை சாய்ந்ததும் "காத்து தள்ளிருச்சு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். ஆனால் கொங்கு நாட்டு வாழையைத் தள்ளும் காற்று இரண்டு வகை. இரண்டின் குணமும் வேறு.

ஒன்று ஆடிக் காற்று. மேற்கிலிருந்து மட்டும் வரும், நாள்கணக்கில் வீசும், வேகம் ஓரளவு சீராக இருக்கும். இலையைக் கீறிக் கிழிக்கும். வேரை ஆட்டி ஆட்டி மண்ணை நெகிழ்த்தும். தார் தள்ளிய மரத்தை மெல்ல மெல்லக் கிழக்கே சாய்க்கும்.

மற்றது சித்திரை, வைகாசியில் கோடை மழையோடு வரும் சூறை. சிறுமுகை, மேட்டுப்பாளையம், சத்தியமங்கலம், பவானிசாகர் பக்கங்களில் ஒரு மாலை நேரத்தில், அரை மணிக்குள், வெட்டுக்கு வந்த நேந்திரன் தோட்டம் அப்படியே படுத்துவிடுவது இதனால். நாளெல்லாம் காய்ந்த தரையிலிருந்து எழுந்த காற்று உயரே பெரிய இடிமேகமாகத் திரள்கிறது. மேகத்திலிருந்து விழும் மழைத்துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிறது. ஆவியாக வெப்பம் வேண்டும். சாதாரணத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையானதைப் போல் எட்டு மடங்கு வெப்பம், அதை ஆவியாக்கத் தேவை. அவ்வளவையும் சுற்றியுள்ள காற்றிடமிருந்து எடுத்துக்கொள்வதால் காற்று சட்டெனக் குளிர்ந்து, கனத்து, கல் போலக் கீழே விழுகிறது. தரையில் மோதி எல்லாத் திசையிலும் பரவுகிறது. மழைக்கு முன்னால் புழுதியோடு வரும் சில்லென்ற காற்று அதுதான். எந்தத் திசையில் மேகம் நிற்கிறதோ அந்தத் திசையிலிருந்து வரும். மேற்கே மரம் வைத்திருக்கிறேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அது மரத்தைத் தள்ளும் பலம் நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றில் நிமிர்ந்து நிற்கும் வாழை, 60 கிலோமீட்டர் சூறையில் ஒன்பது பங்கு சுமையைத் தாங்க வேண்டும். உச்சியில் பதினைந்து கிலோ தாரும் தொங்கினால் அது எப்படித் தாங்கும்? வாழைக்கு உண்மையான தண்டு தரைக்குள் இருக்கும் கிழங்குதான். வெளியே நிற்பது இலையடிகள் சுருண்ட தூண். வேரும் ஆழமில்லை.

கோடைச் சூறைக்கு முட்டுக் கொடுப்பது ஒன்றே வழி. தார் தள்ளத் தொடங்கும்போதே இரண்டு சவுக்குக் கம்புகளைக் கத்திரி போல் கட்டி, மரம் சாயும் பக்கத்தில் தாங்கல் கொடுக்க வேண்டும். கம்பு விலை கட்டுப்படியாகாத சிலர் நெகிழிப் பட்டைக்கயிற்றால் ஒரு மரத்தின் கழுத்தைப் பக்கத்து மரத்தின் அடியில் இழுத்துக் கட்டுகிறார்கள். வரிசை முழுவதும் இப்படிப் பிணைத்துவிட்டால் ஒன்றையொன்று தாங்கும். ஆடிக் காற்றை மட்டும் எண்ணிக் கட்டுவதானால் மேற்கே உள்ள மரத்தின் அடியில் கட்டுவது சரி. மண் அணைப்பதும் பக்கக் கன்றுகளை நேரத்தில் அறுப்பதும் இதில் சேர்ந்தவை. ஏக்கருக்கு ஆயிரம் வாழை வைத்து, அத்தனைக்கும் கடன் வாங்கி உரம் போட்டவர், கடைசி மாதத்தில் முட்டுச் செலவுக்குத் தயங்கி முழுவதையும் இழப்பது பல ஊர்களில் கண்ட காட்சி.

வேலி சுவராகக் கூடாது

ஆடிக் காற்று ஒரே திசையிலிருந்து வருவதால் அதற்குத் தடுப்பு வேலை செய்யும். மேற்கு எல்லையில் ஒரு வரிசை அல்லது இரு வரிசை மரம், வடக்கு தெற்காக. சவுக்கு, அகத்தி, சவுண்டல், மலைவேம்பு எதுவும் ஆகும். மரத்தின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை நல்ல பாதுகாப்புக் கிடைக்கும். அதற்கு அப்பாலும் இருபது மடங்கு தூரம் வரை ஓரளவு தணிவு தெரியும். ஓர் ஏக்கர் நிலம் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 208 அடி. இருபது, இருபத்தோரு அடி உயரத்தில் ஒரு வரிசை சவுக்கு நின்றால் ஏக்கர் முழுவதும் அதன் மறைவில் வந்துவிடும்.

அடர்த்தியாக, ஈ புகாதபடி வைத்தால் நல்லது என்று தோன்றும். அது தவறு. கெட்டிச் சுவரில் மோதிய காற்று தாவி ஏறி, மறுபக்கம் தலைகீழாக விழுந்து சுழலும். சுவருக்குச் சற்றுத் தள்ளி நிற்கும் பயிர் அதில் அதிகமாக அடிபடும். பாதிக் காற்று உள்ளே கசிந்து வரும்படியான வேலியே சிறந்தது. தாராபுரம், மூலனூர், காங்கயம் பக்கத்துக் கொரங்காடுகளைச் சுற்றி நிற்கும் கிளுவை வேலி இந்த இலக்கணத்துக்கு அப்படியே பொருந்துகிறது. மேய்ச்சலில் மாடு வெளியேறாமல் தடுக்க வைத்தது, உள்ளே நிற்கும் கொழுக்கட்டைப் புல்லின் ஈரத்தையும் காக்கிறது. வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பி கட்டியவர்கள் இந்த லாபத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

இன்னொரு எச்சரிக்கை. மர வரிசையில் வண்டி போக வர நடுவே இடைவெளி விட்டால், அது குட்டிப் பாலக்காட்டுக் கணவாய் ஆகிவிடும். காற்று அதில் நெருக்கி நுழைந்து எதிரே உள்ள பயிரை மட்டும் தேடிப் பிடித்து அடிக்கும். வழி வைக்க வேண்டுமானால் நேராக இல்லாமல் சாய்வாக வைக்கலாம். அல்லது வழிக்கு எதிரே நான்கு மரம் தனியாக நடலாம். மர வரிசையின் வேர் பயிருக்குப் போட்டியாக வரும் என்பதும் உண்மை. அதற்கு வரிசையை ஒட்டி இரண்டடி ஆழக் கால்வாய் எடுத்து வருடம் ஒரு முறை வேரை வெட்டிவிட்டால் போதும்.

காற்று குடிக்கும் தண்ணீர்

ஈரத்துணி வெயிலை விடக் காற்றில் விரைவாகக் காயும். துணியை ஒட்டி நிற்கும் ஈரமான காற்றைத் தள்ளிவிட்டு வறண்ட காற்று வந்து கொண்டேயிருப்பதால் ஆவியாவது நிற்பதில்லை. பாய்ச்சிய வயலும் ஒரு பெரிய ஈரத்துணிதான். ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் நீர் ஆவியானால் 4,000 லிட்டர் போயிற்று. ஒரு நாளில் ஐந்து மில்லிமீட்டர் என்றால் 20,000 லிட்டர். பெரிய தண்ணீர் லாரி ஒன்றிரண்டு நிறைய.

ஆகவே ஆடியில் பகலில் தெளிப்பு நீர் போடுவது கிணற்றைக் காற்றுக்குத் தானம் செய்வது. துளிகளில் ஒரு பங்கு பயிரில் விழாமல் பக்கத்துக் காட்டில் போய் விழும். சொட்டு நீர் இருந்தால் கவலை குறைவு. வாய்க்கால் பாசனமானால் பொழுது சாய்ந்தபின் பாய்ச்சலாம், மின்சாரம் அந்த நேரத்தில் இருந்தால். தென்னந்தோப்பில் வட்டப் பாத்தியை மட்டைகளாலும் உரிமட்டையாலும் மூடிவைப்பது இப்பகுதியில் தெரிந்த வித்தைதான். காய்ந்த ஓலை உள்ளே காற்றைப் பிடித்து வைத்திருக்கும். அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தைச் சுலபத்தில் கடத்தாது. வெறும் மண் வெயிலில் கொதிக்கும்போது மூடாக்கின் கீழ் மண் குளிர்ந்தே இருக்கும்.

இதே காற்றை வேலை வாங்கவும் கொங்கு விவசாயிக்குத் தெரியும். பல்லடம், பொங்கலூர், குண்டடம் பக்கங்களில் சின்ன வெங்காயத்துக்குப் போடும் பட்டறையைப் பார்க்க வேண்டும். தரையிலிருந்து உயர்த்தி, கல்லின் மேல் குச்சி பரப்பி, அகலம் குறைவாக, நீளம் அதிகமாக, மேலே கீற்று வேய்ந்து, பக்கமெல்லாம் காற்று நுழையும்படி கட்டியிருப்பார்கள். வெங்காயமும் மூச்சு விடுகிறது, சூடு கக்குகிறது. அந்தச் சூடும் ஈரமும் உள்ளே தங்கினால் அழுகல் தொடங்கும். கீழே நுழையும் காற்று சூட்டை வாங்கிக்கொண்டு மேலே போய்விடுகிறது. எந்தக் கல்லூரியும் சொல்லிக் கொடுத்ததல்ல. விலை ஏறும் வரை மாதக்கணக்கில் சரக்கைக் காப்பாற்றும் கட்டிடம் இது.

காற்றாலை மழையைத் துரத்துகிறதா?

தமிழ்நாட்டில் காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் பண்ணை முதலில் 1986 இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் வந்தது. பிறகு ஆரல்வாய்மொழிக் கணவாயின் எதிரே முப்பந்தலிலும், பாலக்காட்டுக் கணவாயின் எதிரே பல்லடம், உடுமலை, தாராபுரம் வட்டாரங்களிலும் பரவியது. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். அதனால்தான் கம்பெனிகள் கணவாய்களைத் தேடி வந்து, மானாவாரிக் காடுகளுக்கு விலை பேசின.

"இந்த ரெக்கை சுத்த ஆரம்பிச்சதுலருந்து மழையே இல்லைங்க" என்ற பேச்சு டீக்கடைகளில் அடிக்கடி கேட்கிறது. மழை தரும் மேகங்களின் அடிப்பகுதி பொதுவாகத் தரைக்கு மேல் ஒரு கிலோமீட்டர் அளவில் இருக்கும். அவை அங்கிருந்து பல கிலோமீட்டர் உயரம் திரளும். பழைய காற்றாலைக் கோபுரம் 30, 40 மீட்டர். புதியவை 100 மீட்டருக்கு மேல். இந்த உயரத்தில் சுற்றும் இறக்கை மேகத்தைத் துரத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இறக்கைக்குப் பின்னால் சிறிது தூரம் காற்று தணிந்து கலங்கும். அவ்வளவே. தவிர, காற்றாலை வைத்த இடமெல்லாம் முன்பே மழைமறைவுப் பகுதி. மழை குறைந்த ஊரைத் தேடிக் காற்றாலை வரவில்லை, காற்று மிகுந்த ஊரைத் தேடி வந்தது. இரண்டும் ஒரே ஊராக இருப்பதற்கு மலைதான் காரணம். காற்றாலைக்கு நிலம் கொடுத்தவர்களின் உண்மையான குறைகள் வேறு. பாதை அடைபட்டது, வண்டித்தடம் ஓடையை மறித்தது, விற்ற விலை பத்து வருடத்தில் ஒன்றுமில்லாமல் போனது. நிலத்தை விற்காமல் குத்தகைக்கு விடுவதாக இருந்தாலும் பாதையையும் நீர்ப்போக்கையும் பத்திரத்தில் எழுதி வாங்கிவிட வேண்டும்.

கார்த்திகையில் மறுபக்கம்

ஆவணி கழிந்தால் மேல்காற்று தளரும். புரட்டாசியில் சில நாள் இலை அசையாது புழுங்கும். ஐப்பசியில் காற்று கிழக்கே திரும்பும். அப்போது இதே கணவாய் வழியாகக் காற்று எதிர்த்திசையில் ஓடி, பாலக்காடு, திருச்சூர் பக்கம் சீறிப் பாயும். அங்குள்ளவர்கள் அதை விருச்சிகக் காற்று என்பார்கள். அவர்களுடைய விருச்சிகம் இங்கே கார்த்திகை. கொங்கு நாட்டில் வாழை நிம்மதியாக நிற்கும்போது அங்கே முட்டுக்கம்புக்கு அலைவார்கள்.

காற்றுத் தடுப்பு மரம் நட ஏற்ற காலமும் அந்த ஐப்பசி மழைதான். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்திய வானிலைத் துறையுடன் சேர்ந்து செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் தரும் வானிலை அறிவிப்பில் மழையோடு காற்றின் வேகமும் திசையும் இருக்கும். மழை அளவை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்காமல் அந்த வரியையும் படித்தால், மருந்து தெளிக்கும் நாளையும் முட்டுக் கொடுக்கும் நாளையும் முடிவு செய்யலாம். புரட்டாசிக் கடைசியில் சவுக்கு நாற்றுக்குச் சொல்லிவைத்து, முதல் நல்ல மழையில் மேற்கு எல்லையில் மூன்றடிக்கு ஒன்றாக நட்டு, கோடையில் குடம் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றினால் அடுத்த ஆடிக்குள் தலைக்கு மேல் வளர்ந்திருக்கும். வாழையை மறைக்கும் உயரம் வர இன்னும் ஓர் ஆடி போக வேண்டும். அதுவரை மேற்கு ஓரத்தில் இரண்டு வரிசை அகத்தி போட்டுவைத்தால் ஆட்டுக்குத் தழையும் ஆகும்.